தெருத் தூசியில் தேடிய தோடு

மூன்று வருஷம் என் காதில் தோடு கிடையாது. தென்னை ஈர்க்குச்சிதான். தங்கவேலை செய்கிறவரின் பெண்டாட்டி ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டு திரிந்தால் பஜாரில் நாலு பேர் கேட்கத்தான் செய்வார்கள். ஜவுளிக்கடைப் பெண் ஒருநாள், "என்னக்கா, எதும் வேண்டுதலா?" என்றாள். "ஆமா, காதுக்கு மட்டும் பட்டினி" என்றேன். காலையில் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, இரண்டாக ஒடித்து, நுனியை நறுக்கி, துளை தூர்ந்து போகாமல் செருகிக்கொள்வேன். அதே விளக்குமாற்றை எடுத்துக்கொண்டுதான் தெருவில் இறங்குவேன்.

தோடு போன கதை சின்னதுதான். போர்ட் பிளேரில் பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் பட்டறை. முன்பக்கம் அவர் வேலை செய்யும் இடம், பின்பக்கம் இரண்டு அறையில் குடித்தனம். சந்தில் மொத்தம் ஐந்து பட்டறைகள். எங்களுக்கு நேர் எதிரே, அண்ணன் என்ற அர்த்தத்தில் எல்லோரும் தாதா என்று கூப்பிடுகிற பெங்காலிக்காரரின் பட்டறை. கொரோனா சமயத்தில் மெயின்லேண்டிலிருந்து கப்பலும் வரவில்லை, விமானமும் வரவில்லை. ஒரு கல்யாண வீட்டுச் சங்கிலி பாதியில் நின்றது. தங்கம் போதவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு நாள் முழுக்க என் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"ஏளா, அதக் கழத்திக் குடு. கப்பல்ல தங்கம் வந்ததும் மொத வேல ஒனக்குத்தான்."

கழற்றிக் கொடுத்தேன். என் கண்ணெதிரேதான் கல்லைப் பெயர்த்துவிட்டு உருக்கினார். கப்பல் வந்தது, தங்கம் வந்தது, ஆர்டரும் வந்தது. "இந்த ஆர்டர் முடியட்டும்" என்றார். அது முடிந்ததும் இன்னொன்று. அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். எதிரில் வந்து நின்று கேட்கிறவர்களுக்குத்தான் அவர் செய்வார், அவ்வளவுதான். நான் ஒரு நாளும் முன்வாசல் வழியாக வந்து நின்றதில்லை.

கேட்டுக் கேட்டு எனக்கும் சலித்துவிட்டது. என் தங்கத்தை நானே பொறுக்கிக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் நகைக்கடைத் தெருவில் விடிந்ததும் சிலர் கூட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். தெரு மண்ணை அள்ளிப்போய் அரித்துத் தங்கம் எடுப்பார்கள். பட்டறைக்குள் விழுகிற தூளை எந்த வேலைக்காரரும் விடமாட்டார், சேர்த்து வைத்து உருக்குவார். ஆனால் அரத்தில் தேய்க்கும்போது பறக்கிற தூள் வேட்டியில் ஒட்டும், வருகிறவர் போகிறவர் செருப்பில் ஒட்டும், ஃபேன் காற்றில் வாசல் தாண்டும். அப்படித் தெருவுக்குப் போனது போனதுதான். அந்தமானில் அதை அரிக்க ஆள் இல்லை. குப்பை வண்டிதான் அள்ளிக்கொண்டு போகும். ஐந்து பட்டறைத் தூசியும் சேர்ந்து எத்தனை வருஷமாகக் குப்பைமேட்டுக்குப் போயிருக்கும் என்று நினைத்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

அவரிடம் சொன்னேன். சிரித்தார்.

"வாசப்படிக்கு உள்ள விழுந்தா எனக்கு. வெளிய போனா சர்க்காருக்கு. ஒனக்கு என்ன கிறுக்கா?"

"சர்க்காரு எனக்குத் தோடு செஞ்சு தருதான்னு பாக்குதேன்" என்றேன்.

இங்கே தூசி என்பதே நான்கு மாதச் சமாச்சாரம். மே மாதம் மழை பிடித்தால் வருஷக் கடைசிவரை விடாது. தெரு சேறாகக் கிடக்கும், சாக்கடை எல்லாவற்றையும் கடலுக்கு இழுத்துப்போய்விடும். ஜனவரி பிறந்தால்தான் மண் காய்ந்து எழும்பும். ஆகவே ஜனவரியிலிருந்து ஏப்ரல்வரை, பட்டறைகள் திறக்குமுன், சந்து முழுக்கக் கூட்டுவேன். தரைக்கல் இடுக்கில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை விட்டுச் சுரண்டுவேன். ஒரு வாளி மண் சேரும். கல், பீடித்துண்டு, பாக்குப் பொட்டலக் காகிதம் எல்லாவற்றையும் சலித்து எறிந்துவிட்டு, கொசுவலையில் இன்னொரு சலிப்பு. மிஞ்சுகிற நுண்மண் பழைய பெயின்ட் டப்பாவுக்குள் போகும்.

சந்தைக் கூட்டுகிற வேலை உண்மையில் இன்னொரு அம்மாளுடையது. ராஞ்சிப் பக்கத்திலிருந்து எந்தக் காலத்திலோ வந்த குடும்பம், பிறந்தது இங்கேதான். தினம் ஆறரை மணிக்குத் தள்ளுவண்டியோடு வருவாள். முதல் நாள் நான் அவளுக்கு முன்னால் கூட்டி முடித்துக் குனிந்து சுரண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துத் திகைத்துவிட்டாள். தன் வேலைக்குப் போட்டி வந்துவிட்டதென்று நினைத்தாளோ என்னவோ.

"தீதி, குச் கோ கயா க்யா?" என்றாள். ஏதாவது தொலைந்துவிட்டதா அக்கா என்று கேட்கிறாள்.

தெருவில் தங்கம் அரிக்கிறேன் என்றால் ஊர் முழுக்கப் பரவும். நான் காதைத் தொட்டுக் காட்டி, தோடு தொலைந்துவிட்டது என்றேன். அது பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. அவள் "அரே ராம்!" என்று வாயில் கை வைத்தாள். வண்டியை ஓரம் கட்டிவிட்டு என்னோடு குனிந்து தேட ஆரம்பித்தாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. போகட்டும், இரண்டு நாளில் மறந்துவிடுவாள் என்று விட்டேன்.

அவள் மறக்கவில்லை. மறுநாளும் தேடினாள். அடுத்த வாரம், பஜார் மெயின் ரோட்டில் நகைக்கடைகளுக்கு முன்னால் கூட்டிய மண்ணைத் தனியாக ஒரு சாக்கில் கட்டி வண்டியில் போட்டுக் கொண்டுவந்தாள். செருப்பில் ஒட்டிக்கொண்டு அங்கே போயிருக்கலாமாம். "தேக் லோ தீதி" என்று என் வாசலில் வைத்தாள். பார்த்துக்கொள்வது என்ன, அத்தனையையும் சலித்து டப்பாவில் போட்டேன். அப்படி இரண்டு கோடைக்கு அவள் எனக்குச் சாக்குச் சாக்காக மண் கொண்டுவந்தாள். ஒவ்வொரு முறையும் முகத்தைப் பார்த்துக் கேட்பாள், "மிலா?" கிடைத்ததா என்று. "நஹீ மிலா" என்பேன். அவள் உச்சுக்கொட்டிவிட்டுப் போவாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பலமுறை நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. மண் வருவது நின்றுவிடுமோ என்ற பயம்தான், வேறென்ன.

இரண்டாம் கோடை முடியும் தறுவாயில் பெயின்ட் டப்பாக்கள் பின்கட்டில் நடக்க இடம் இல்லாமல் அடைத்துக்கொண்டன. இனி அரிக்க வேண்டியதுதான். அரிப்பதற்குத் தண்ணீர் வேண்டுமே! ஏப்ரலில் எங்களுக்குக் குழாயில் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு முறை, அதுவும் ஒரு மணி நேரம். குடம், வாளி, அண்டா, ஊறுகாய் ஜாடி என்று கையில் கிடைத்த எதையும் விடாமல் பிடித்து வைப்போம். அதில் ஒரு வாளி எடுத்து மண்ணைக் கழுவினால் பக்கத்து வீட்டுக்காரிகளே என்னை அடிப்பார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை தோன்றியது. சுற்றிலும் கடலை வைத்துக்கொண்டு தண்ணீருக்கு எதற்கு அலைய வேண்டும்?

ஊருக்கு வெளியே கடற்கரை ஓரம் வண்டூரில் எனக்கு ஒரு சிநேகிதி உண்டு. தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்த வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம், புருஷன் மீன்பிடிக்கப் போகிறவர். மண்ணை நான்கு மூட்டையாகக் கட்டி, ஜீப்புக்காரர் ஒருவரைக் கெஞ்சி ஏற்றிக்கொண்டு போய் இறங்கினேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"யக்கா, கடல்ல மண்ணு பத்தலன்னு கொண்டாந்தியாக்கும்?"

"வாயாடாம ஒரு தாம்பாளத்த எடு."

முதலை வரும் என்று பலகை வைத்திருக்கிற கரை அது. அவள் பார்வையைத் தண்ணீரிலேயே வைத்து ஒரு மூங்கில் கழியோடு பாறையில் உட்கார்ந்துகொண்டாள். நான் கடல் வற்றுகிற நேரம் பார்த்து முழங்கால் ஆழத்தில் நின்று, அலுமினியத் தாம்பாளத்தில் மண்ணைப் போட்டுச் சுழற்றிச் சுழற்றிக் கழுவினேன். லேசான மண் நீரோடு போகும், கனமானது அடியில் தங்கும். இரண்டு நாள் பிடித்தது. இடுப்பு விட்டுப்போயிற்று. நான்கு மூட்டை மண் ஒரு எவர்சில்வர் கிண்ணம் கறுப்பு மணலாக வந்து நின்றது. உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தால் இரும்புத்தூளை இழுத்துவிட்டேன். கழுவியதை வெயிலில் காயவைத்தபோது அதன்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பார்த்தேன். உப்புதானே என்று விட்டுவிட்டேன். மஞ்சளாக நாலைந்து பொட்டு மினுங்கியதைப் பார்த்தவளுக்கு வெள்ளை எங்கே கண்ணில் படும்!

மேற்கொண்டு செய்ய வேண்டிய வேலை எனக்குத் தெரியாது. ஆசிட் விடவேண்டும், உருக்க வேண்டும். வேறு வழியில்லாமல் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தேன். அவரும் அந்தப் பொட்டுகளைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "சரி, ஞாயித்துக்கெழம பாப்போம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பின்கட்டில் பீங்கான் ஜாடியில் மணலைப் போட்டு நைட்ரிக் ஆசிட்டை ஊற்றினார். ஆசிட் செம்பையும் வெள்ளியையும் பித்தளையையும் கரைத்துவிடும், தங்கத்தைத் தொடாது, மிஞ்சுவதை உருக்கினால் தங்கம் உருண்டுவிடும் என்றார். செம்மஞ்சள் புகை குபுகுபுவென்று எழுந்தது. இருவரும் இருமிக்கொண்டு தெருவுக்கு ஓடினோம். புகை அடங்கியபின் துணியில் வடிகட்டினேன். கீழே பச்சையும் மஞ்சளுமாக ஒரு தண்ணீர். மேலே கொஞ்சம் மணலும், தயிர் திரிந்ததுபோல வெள்ளையாக ஏதோ ஒன்றும். அவர் அதை வெங்காரம் போட்டு உருக்கினார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உருக்குகிற கிண்ணமான மூசையைக் கவிழ்த்தார். கறுப்புக் கசடு. அதில் ஊசிமுனை அளவுக்குக்கூட மஞ்சள் இல்லை.

"மண்ணுல ஒண்ணும் இல்ல. நீ பாத்ததெல்லாம் பித்தளப் பொடி. ரெண்டு வருசமா குப்பையத்தான் கூட்டியிருக்க."

அதைச் சாதாரணமாகச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். பின்னாலேயே, "நம்ம மானம் போனதுதான் மிச்சம்" என்று ஒன்று சேர்த்தார். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு வருஷம் குனிந்த இடுப்பு, வண்டூரில் தோல் உரிந்த கால், அந்த ராஞ்சி அம்மாளிடம் சொன்ன பொய் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. "அந்தத் தண்ணிய ஊத்திரு" என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போய்விட்டார். அன்றைக்கு அவரோடு பேச்சை நிறுத்தினேன்.

தண்ணீரை நான் ஊற்றவில்லை. ஏதோ முன்யோசனை என்று நினைத்துவிட வேண்டாம். ஆசிட்டைச் சாக்கடையில் விட்டால் பின்னாலேயே ஏழெட்டு வாளி தண்ணீர் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் சிமென்ட்டை அரித்துவிடும். கோடையில் அதற்குத் தண்ணீர் ஏது? தண்ணீர் வருகிற நாள் வரட்டும் என்று ஒரு பிளாஸ்டிக் கேனில் ஊற்றி மூடிச் சுவரோரம் வைத்தேன். அடுத்த தண்ணீர் நாள் புதன்கிழமை, மூன்று மணிக்கு.

புதன்கிழமை மத்தியானம் அவருக்குச் சோறு போட்டேன். பேச்சு இல்லையே தவிர, சோறு உண்டு. குழம்பை ஊற்றும்போது அவர் என் கையைப் பார்த்தார்.

"வெரல்ல என்னது?"

விரல் நுனிகளில் கத்தரிப்பூ நிறத்தில் கறை. ஆசிட் தண்ணீரை வடிகட்டிய மறுநாளிலிருந்தே இருந்தது. வெயிலில் துணி காயப்போட்ட பிறகு இன்னும் கறுத்திருந்தது. சோப்புப் போட்டும், புளி போட்டும், செங்கல் வைத்துத் தேய்த்தும் போகவில்லை.

அவர் சாப்பாட்டுக் கையோடு என் விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். முகம் மாறிவிட்டது.

"மண்ண எந்தத் தண்ணியில கழுவின?"

பேசக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தக் குரலில் ஏதோ இருந்தது. "கடல் தண்ணியிலதான். பின்ன, உங்க வீட்டுக் குழாயிலயா கொட்டுது?"

"கடலுத் தண்ணியா! அட கிறுக்கி!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். நெற்றியெல்லாம் குழம்பு. "உப்பும் நைட்ரிக் ஆசிட்டும் சேந்தா ராஜ திராவகம்ளா. தங்கத்தக் கரைக்கிறது அது ஒண்ணுதான். தங்கம் மண்ணுலதான் இருந்துருக்கு. நாந்தான் கரைச்சுட்டேன். ஒன் கையில ஒட்டியிருக்கது தங்கம். அந்தத் தண்ணி எங்க? ஊத்திட்டியா?"

மணி இரண்டரை. நான் ரசச்சட்டியை எடுத்துவந்து, ஒரு கரண்டி கலக்கி, மெதுவாக அவர் சோற்றில் ஊற்றினேன். மூன்று நாளாக எனக்குள் வெந்ததில் ஒரு நிமிஷமாவது அவருக்கும் வேகட்டும்.

"ஊத்திட்டியான்னு கேக்கேன்லா!"

"தண்ணி வந்தப்பெறவு ஊத்தணும்னு வச்சிருக்கேன். ஏன், குடிக்கப் போறியளா?"

சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓடினார். கேனைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு வந்த கோலத்தைப் பார்த்து, அத்தனை கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அவர் யூரியா வாங்கிவந்து போட்டு ஆசிட்டின் வேகத்தை அடக்கினார். பிறகு அன்னபேதி என்கிற பச்சை உப்பைக் குடிதண்ணீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டார். தெளிந்திருந்த நீர் கலங்கிப் பழுப்பாயிற்று. ஒரு நாள் அசையாமல் வைத்தோம். அடியில் காப்பிப்பொடி மாதிரி ஒரு படிவு. இதுவா தங்கம் என்று எனக்கு நம்பிக்கையே இல்லை. அதைக் கழுவி மூசையில் வைத்து ஊதினார். பழுப்பு சிவந்து, சுருங்கி, ஒன்று கூடி, மஞ்சளாக உருண்டது. குண்டுமணியைவிடப் பெரிது, சுண்டைக்காயைவிடச் சிறிது. தண்ணீரில் போட்டுக் குளிரவைத்து என் உள்ளங்கையில் வைத்தார். கையைச் சுடவில்லை, கண்ணைத்தான் சுட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் உருண்டையை உற்றுப் பார்த்துவிட்டு, கை நீட்டிச் சொன்னார்.

"நல்ல சுத்தமா வந்திருக்கு. இப்ப செய்யிற ஆர்டர் வளையலுக்குக் கொஞ்சம் கொறையுது, இதச் சேத்துக்கிடுதேன். கப்பல்ல தங்கம் வந்ததும் மொத வேல ஒனக்குத்தான்."

ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. மனதில் கள்ளம் வைத்துச் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. நான் உள்ளங்கையை மூடினேன். முந்தானையில் முடிந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு முன்வாசல் வழியாக இறங்கி, சந்தைக் கடந்து, எதிர்ப்பட்டறைக்குப் போய் பெங்காலி தாதாவின் முன்னால் உருண்டையை வைத்தேன்.

"ஏக் ஜோடி தோடு" என்றேன். காதைக் காட்டினேன்.

தாதா உருண்டையைப் பார்த்தார், எனக்குப் பின்னால் எதிர்வாசலில் நிற்கிறவரைப் பார்த்தார். தங்கவேலைக்காரனின் மனைவி இன்னொருவனிடம் நகை செய்யக் கொடுப்பது அந்தச் சந்தில் அதுவரை நடந்ததில்லை. "பாபி, பாய்சாப் இருக்காரே..." என்று என் வீட்டுக்காரரைக் காட்டி ஹிந்தியில் இழுத்தார்.

"அவருக்கு ஆர்டர் ரொம்ப இருக்கு, தாதா."

ஒரு வாரம் ஆயிற்று. தாதா என் தோட்டை அரத்தில் தேய்க்கிற சத்தம் எங்கள் பட்டறைவரை கேட்கும். என் வீட்டுக்காரர் அந்த வாரம் ரேடியோவைப் போடவில்லை. எதிரே நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. தாதா கொடுத்தது சின்னப் பூத்தோடு, கல் கிடையாது. ஈர்க்குச்சியை எடுத்துப் போட்டுவிட்டுத் திருகாணியைத் திருகினேன். காது கனத்தது.

மறுநாள் காலையில் வழக்கம்போலக் கூட்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் அன்று சீக்கிரமே பட்டறையைத் திறந்து குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். ராஞ்சி அம்மாள் வண்டியோடு வந்தாள். வண்டியில் எனக்கென்று ஒரு சிறிய மண்மூட்டை. என் காதைப் பார்த்ததும் வண்டியை அப்படியே விட்டாள்.

"மில் கயா! தீதி, மில் கயா!"

கிடைத்துவிட்டதென்று சந்தே அதிரும்படி கத்தினாள். என் இரண்டு காதையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர். தன் சொந்தப் பொருள் கிடைத்த சந்தோஷம் அது. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உன் மண்ணில்தான் இருந்தது என்று சொன்னேன். அதுவாவது நிஜம். அவள் அதோடு விடவில்லை. எங்கள் வாசலுக்குப் போய், உள்ளே குனிந்திருந்தவரிடம் சத்தமாகக் கேட்டாள். "பாபுஜி, இரண்டு வருஷம் தேடினோமே, எங்கேதான் தொலைந்தது அது?"

அவர் அரத்தைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்காமல், அவளைப் பார்த்து, எல்லோருக்கும் புரிகிற ஹிந்தியில் சொன்னார்.

"தெருவுல தொலையல. என் கையிலதான் தொலஞ்சுது."

அவளுக்கு அது விளங்கவில்லை. கிடைத்தால் சரி என்று சிரித்துக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். நான் விளக்குமாற்றை எடுத்து, விட்ட இடத்திலிருந்து கூட்டத் தொடங்கினேன்.